வளையத்தை உடைப்பது யார்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன இதழில் ஒரு சின்னப் பத்தி எழுதியிருந்தேன். கசிந்த பெட்ரோலியத்தில் இருக்கும் பென்சீன், டொலுவீன் போன்ற அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்களை, அதாவது ஆறு கார்பன் வளையம் கொண்ட சேர்மங்களை, மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் தின்று, கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் மாற்றிவிடுகின்றன என்பதுதான் அதன் சாரம். வந்திருக்கும் கடிதங்களைப் படித்ததும், அதை அவ்வளவு சுருக்கமாக முடித்திருக்கக் கூடாது என்று பட்டது. மண் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் 26 வருடம் நான் பார்த்தது இந்த ஒரே வேலைதான். அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கேள்வி: பென்சீன் வளையம் மிகவும் நிலையானது, லேசில் வினைபுரியாது என்று எங்கள் பாடப்புத்தகம் சொல்கிறது. அப்படியென்றால் ஒரு பாக்டீரியா, சாதாரண வெப்பநிலையில், அதை எப்படி உடைக்கிறது? (பன்னிரண்டாம் வகுப்பு மாணவி)

பதில்: உங்கள் புத்தகம் சொல்வது சரிதான். மைக்கேல் ஃபாரடே பென்சீனைப் பிரித்தெடுத்தது 1825-இல். அது ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது என்பதைத் தெளிவாக விளக்க வேதியியலுக்கு அதன்பின் நூறு வருடத்துக்கு மேல் பிடித்தது. ஆறு கார்பன்கள் கைகோத்து நிற்கும் அந்த வளையத்தில் ஆறு எலக்ட்ரான்கள் எந்த ஒரு பிணைப்புக்கும் சொந்தமாகாமல் எல்லாக் கார்பன்களுக்கும் பொதுவாகப் பரவியிருக்கின்றன. அதனால் கிடைக்கும் கூடுதல் உறுதி மோலுக்கு ஏறத்தாழ 150 கிலோஜூல். வளையத்தில் கை வைக்கும் எவரும் முதலில் இந்த உறுதியைக் கலைத்தாக வேண்டும்.

பாக்டீரியா எடுத்த எடுப்பில் வளையத்தை வெட்டப் பார்ப்பதில்லை. முதலில் அதை இளக்குகிறது. டைஆக்சிஜனேஸ் என்ற வகை என்சைம் ஒன்று இருக்கிறது. அதன் மையத்தில் ஓர் இரும்பு அணு. காற்றிலிருந்து வந்த ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடித்து, அதன் இரண்டு அணுக்களையும் வளையத்தின் அடுத்தடுத்த இரண்டு கார்பன்களில், ஒரே பக்கமாக, அது பொருத்திவிடுகிறது. இந்த வேலைக்கு செல் தன் கையிருப்பிலிருந்து ஆற்றல் மிக்க எலக்ட்ரான்களைச் செலவழிக்க வேண்டும். உணவு வாயில் படும் முன்பே பணம் கட்டுவது மாதிரி. ஆனால் கட்டியது அடுத்த படியிலேயே திரும்பிவிடும். அந்தப் படியில் கிடைக்கும் பொருளின் பெயர் கேட்டகால்: பென்சீன் வளையம், அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஹைட்ராக்சில்கள் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த குழுக்கள்).

இனிமேல்தான் வெட்டு. வேறொரு டைஆக்சிஜனேஸ் வந்து, இன்னோர் ஆக்சிஜன் மூலக்கூறைச் செலவழித்து, அந்த இரண்டு ஹைட்ராக்சில்களுக்கும் நடுவில் வளையத்தை அறுக்கிறது. சில பாக்டீரியாக்கள் நடுவில் அறுக்காமல், ஒரு ஹைட்ராக்சிலை ஒட்டி வெளிப்பக்கமாக அறுக்கும். எப்படி அறுத்தாலும் வளையம் நீண்ட சங்கிலியாகிவிடுகிறது. சங்கிலி ஆனபின் பிரச்சினையே இல்லை. துண்டு துண்டாகி, நம் உடல் சர்க்கரையை எரிக்கும் அதே சுழற்சிக்குள் போய்விடும்.

இந்த ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது என்பது ஒரு காலத்தில் பெரிய வழக்கு. உயிரினங்கள் எரிபொருளிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கித்தான் அதை ஆக்சிஜனேற்றம் செய்கின்றன, விளைபொருளில் சேரும் ஆக்சிஜன் தண்ணீரிலிருந்து வருவது என்றுதான் பலரும் நம்பினார்கள். 1955-இல் ஒசாமு ஹயாய்ஷி என்ற ஜப்பானிய அறிஞரும் அவரோடு வேலை பார்த்தவர்களும் எடை கூடிய ஆக்சிஜன்-18 கொண்ட வாயுவைக் கொடுத்து, கேட்டகாலை அறுக்கும் பாக்டீரிய என்சைமை வேலை செய்யவிட்டார்கள். விளைபொருளில் ஏறியிருந்தது வாயுவிலிருந்த ஆக்சிஜன். உயிர் வேதியியலில் ஒரு புதிய என்சைம் குடும்பமே அங்கிருந்துதான் தொடங்கியது. அது தொடங்கியது ஒரு மண் பாக்டீரியாவின் சாப்பாட்டு விஷயத்தில் என்பதை நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று, உங்கள் கல்லூரியில் பிற்காலத்தில் வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள். வெளிப்பக்கமாக அறுக்கும் பாக்டீரியாக்கள் வளர்ந்திருக்கும் தட்டின்மேல் கேட்டகால் கரைசலை மெல்லிய தூறலாகத் தெளித்தால், வெளுத்துக் கிடந்த புள்ளிகள் கொஞ்ச நேரத்தில் பளிச்சென்று மஞ்சளாக மாறும். வளையம் உடைந்து பிறந்த பொருளின் நிறம் அது. கண்ணுக்கு முன்னால் பென்சீன் வளையம் திறப்பதை நேரில் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை. எத்தனையோ நூறு தட்டுகளுக்குத் தெளித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன்.

கேள்வி: மனிதன் பெட்ரோலியத்தைத் தோண்டி எடுக்க ஆரம்பித்து இருநூறு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் பாக்டீரியாக்கள் இதையெல்லாம் எப்படிக் கற்றுக்கொண்டன?

பதில்: கற்றுக்கொண்டது நம்மிடம் இல்லை. மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னின் முழுக்க இந்த வளையங்களால் கட்டப்பட்டது. நம் புரதங்களிலேயே ஃபினைல்அலனின், டைரோசின், டிரிப்டோஃபான் என்று மூன்று அமினோ அமிலங்களில் அரோமாட்டிக் வளையம் உண்டு. காட்டுத்தீ பல வளையச் சேர்மங்களைக் கோடிக்கணக்கான வருடங்களாக மண்ணில் கொட்டி வந்திருக்கிறது. கடலடியில் எண்ணெய் தானாகவே ஊறி வெளியேறும் இடங்கள் எத்தனையோ. உலகில் விழுந்த மரங்களின் வளையங்களை யாரும் உடைக்காமல் விட்டிருந்தால் கார்பன் முழுவதும் அங்கேயே பூட்டிக் கிடந்திருக்கும். ஆக, வளையத்தை உடைப்பது இந்தப் பூமியின் பழைய தொழில்.

அந்தத் தொழில்நுட்பம் பரவும் விதம்தான் எனக்கு ஆச்சரியம். சூடோமோனாஸ் புட்டிடா என்ற பாக்டீரியாவின் ஒரு ரகத்தில், டொலுவீனையும் சைலீனையும் உடைப்பதற்கான மரபணுக்கள் முதன்மை மரபுத்தொகுதியில் இல்லை. தனியே ஒரு சிறிய டிஎன்ஏ வளையத்தில், பிளாஸ்மிட்டில், இருக்கின்றன. 1970-களில் இதைக் கண்டுபிடித்தார்கள். பிளாஸ்மிட்டை ஒரு பாக்டீரியா பக்கத்திலுள்ள இன்னொன்றுக்குக் கொடுக்க முடியும். எண்ணெய் கசிந்த இடத்தில் யாரோ ஒருவரிடம் இருந்த திறமை அண்டை வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

கேள்வி: துணிகளுக்கு இடையே போட்டு வைக்கும் பாச்சை உருண்டை சில மாதங்களில் கரைந்து காணாமல் போய்விடுகிறதே, அதுவும் பாக்டீரியா தின்பதால்தானா?

பதில்: இல்லை. அந்த உருண்டையிலுள்ள நாப்தலீன் திட நிலையிலிருந்து நேராக ஆவியாகிவிடுகிறது. அலமாரியைத் திறந்ததும் வரும் வாசனை அந்த ஆவிதான். அது குழந்தைகளுக்கு நல்லதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இப்போது விற்கும் உருண்டைகளில் சில நாப்தலீனே அல்ல, குளோரின் ஏறிய வேறொரு பென்சீன் சேர்மம்.

ஆனால் நாப்தலீனைத் தின்னும் பாக்டீரியாக்கள் உண்டு. வேறு எந்தக் கார்பனும் இல்லாத தட்டில் மண் கரைசலைத் தடவி, மூடியின் உள்பக்கம் சில நாப்தலீன் படிகங்களைப் போட்டுக் கவிழ்த்து வைப்போம். மேலே வரும் ஆவியை மட்டுமே உண்டு புள்ளிகள் வளரும். அவற்றுக்கு இண்டோல் என்ற பொருளையும் கொடுத்தால் சில புள்ளிகள் நீலமாகும். சாயப்பட்டறையில் பயன்படும் அதே அவுரி நீலம்! நாப்தலீனில் ஆக்சிஜனைப் பொருத்தும் என்சைம், இண்டோலிலும் அதே வேலையைச் செய்துவிடுவதால் வரும் நிறம் அது. நீலப் புள்ளி தெரிந்தால், தேடிய ஆள் கிடைத்துவிட்டார் என்று ஊசியை எடுப்போம்.

உங்கள் கேள்வியில் ஒரு முக்கியமான விஷயம் ஒளிந்திருக்கிறது. ஒரு பொருள் காணாமல் போவதும், அது சிதைவதும் ஒன்றல்ல. அடுத்த கடிதத்துக்கு இதுதான் அடிப்படை.

கேள்வி: எண்ணெய் கொட்டிய மண்ணில் ஒரு பாக்டீரியா பொடியைத் தூவினால் ஒரே வாரத்தில் வாசனையும் எண்ணெயும் போய்விடும் என்று ஒரு விளம்பரத் தாள் பார்த்தேன். முன், பின் அளவுகளும் போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

பதில்: அந்தத் தாளில் மூன்றாவதாக ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பொடி தூவாத, மற்ற எல்லா வகையிலும் அதே மாதிரி வைத்திருந்த மண்ணில் எவ்வளவு குறைந்தது என்ற எண். அது இல்லையென்றால் தாளை மடித்து வைத்துவிடலாம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். 40 கண்ணாடிக் குப்பிகளில் மண்ணும் தண்ணீரும் டொலுவீனும் போட்டு மூடி வைத்தேன். பாதிக் குப்பிகளில் மண் உயிரோடு. மீதியில் கொதிநீராவியில் வைத்து எல்லா நுண்ணுயிர்களையும் கொன்ற மண். முதல் மூன்று வாரம் ஆர்வத்தில் உயிருள்ள குப்பிகளை மட்டும்தான் அளந்தேன். டொலுவீன் சரசரவென்று குறைந்தது. வரைபடம் வரைந்து, பெருமையோடு மேலதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "செத்த குப்பிகள் என்ன சொல்கின்றன?" அன்று மாலையே அளந்தேன். அங்கேயும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்திருந்தது. நுண்ணுயிரே இல்லாத குப்பியில் டொலுவீனைத் தின்றது யார்? ஒரு ரப்பர் மூடியைக் கழற்றிப் பிளேடால் இரண்டாக வெட்டி முகர்ந்து பார்த்தேன். டொலுவீன் நெடி குப்பென்று அடித்தது. மூடிதான் அத்தனையையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

மூன்று வாரம் போயிற்று. அதன்பின் டெஃப்லான் பூசிய மூடி இல்லாமல் ஒரு குப்பியும் வைத்ததில்லை, செத்த குப்பி இல்லாமல் ஒரு சோதனையும் செய்ததில்லை.

வெளியில் கொட்டிய எண்ணெயிலும் இதே கதைதான் நடக்கும். ஒரு வாரத்தில் லேசான பொருள்கள் ஆவியாகும். மழை கொஞ்சத்தை அடித்துப்போகும். மண்ணின் மட்கு கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மண்ணைக் கிளறிவிட்டால் இன்னும் வேகமாக ஆவியாகும். எல்லாமே "குறைந்தது" என்ற ஒரே எண்ணாகத் தெரியும். உண்மையாகவே சிதைந்ததா என்று தெரிய வேறு சாட்சி வேண்டும். ஆய்வகத்தில், கதிரியக்கக் கார்பன்-14 ஏற்றிய சேர்மத்தைக் கொடுத்து, அந்தக் கார்பன் கரியமில வாயுவாக வெளியே வருகிறதா என்று பிடித்து எண்ணுவோம். களத்தில் அப்படிச் செய்ய முடியாது. அங்கே கார்பனின் இரண்டு நிலையான ரகங்கள் கைகொடுக்கின்றன. கார்பன்-12 இருக்கும் பிணைப்பை உடைப்பது, எடை கூடிய கார்பன்-13 இருப்பதை உடைப்பதைவிடச் சற்றே சுலபம். எனவே நுண்ணுயிர் தின்னத் தின்ன, மிச்சமிருக்கும் டொலுவீனில் கார்பன்-13-இன் பங்கு மெல்ல ஏறும். மண்ணில் ஒட்டிக்கொண்டதாலோ தண்ணீர் கலந்து நீர்த்ததாலோ மட்டும் குறைந்திருந்தால் அந்தப் பங்கு பெரிதாக அசையாது.

சரி, பொடிக்கு வருவோம். எண்ணெய் விழுந்த மண்ணில் அதைத் தின்னும் பாக்டீரியா பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிறது. முந்தைய பதிலில் சொன்னேனே, பழைய தொழில் என்று. வெளியிலிருந்து தூவப்படுவது புது மண்ணின் அமிலத்தன்மை, வறட்சி, அங்கே காத்திருக்கும் வேட்டையாடும் ஒருசெல் உயிர்கள் எல்லாவற்றோடும் மல்லுக்கட்ட வேண்டும். பெரும்பாலும் சில நாள்களில், வாரங்களில் அதன் எண்ணிக்கை சரிந்துவிடும். ஆகவே எந்தப் பாக்டீரியாவைப் போடலாம் என்று யோசிப்பதை விட்டுவிட்டு, அங்கே இருப்பவர்களுக்கு என்ன குறை என்று பாருங்கள். இருபத்தாறு வருடத்தில் நான் கண்ட பாதிப் பதில்கள் இந்தக் கேள்வியில்தான் கிடைத்தன.

1989 மார்ச்சில் அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்டில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரைதட்டி, சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. அங்கே கரையில் தெளித்தது பாக்டீரியாவை அல்ல, உரத்தை. எண்ணெய் என்பது வெறும் கார்பனும் ஹைட்ரஜனும். அதைத் தின்று உடல் வளர்க்க நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும், கடலோரக் கூழாங்கற்களிடையே அவை போதாமல் இருந்தன. நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட கரையில் உரம் போட்டார்கள், சிதைவு வேகம் கூடியது. ஆனாலும் பல வருடம் கழித்து, கற்களுக்கு அடியில், தண்ணீரோட்டமும் ஆக்சிஜனும் எட்டாத இடங்களில் அதே எண்ணெய் இருக்கத்தான் செய்தது. குறை என்ன என்பது சில அங்குல ஆழத்திலேயே மாறிவிடும்.

இதே கடிதத்தில் ஆனந்த மோகன் சக்கரவர்த்தி உருவாக்கிய எண்ணெய் தின்னும் பாக்டீரியாவைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பல பிளாஸ்மிட்களை ஒரே சூடோமோனாஸில் சேர்த்து அவர் உருவாக்கியது அது. அதற்குக் காப்புரிமை தரலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை என்பது அறிவியல் உலகத்தையே புரட்டிப்போட்ட தீர்ப்பு. ஆனால் அந்த பாக்டீரியா எந்தக் கடலிலும் எண்ணெயை அள்ளப் போகவில்லை.

கேள்வி: நிலத்துக்குள் ஆழத்தில் காற்றே இருக்காதே? அங்கே கசிந்த பெட்ரோல் அப்படியேதான் கிடக்குமா?

பதில்: முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு கிராம் பென்சீனை முழுதாக எரிக்கக் கிட்டத்தட்ட 3 கிராம் ஆக்சிஜன் தேவை. காற்றோடு நன்றாகக் கலந்த ஒரு லிட்டர் தண்ணீரில், 20 டிகிரியில், கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 9 மில்லிகிராம். அப்படியானால் அந்த ஒரு லிட்டர் தண்ணீரால் 3 மில்லிகிராம் பென்சீனுக்குத்தான் பதில் சொல்ல முடியும். பென்சீனோ லிட்டருக்கு 1.8 கிராம் வரை கரையும்! எனவே கசிவு நடந்த இடத்தில் நிலத்தடி நீரின் ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துபோகும். தின்ன ஆளிருந்தும் மூச்சுவிட வழியில்லாத நிலை. மண்ணுக்குள் மெதுவாகக் காற்றை ஊதும் முறை இதற்காகத்தான் வந்தது. பல இடங்களில் நன்றாக வேலை செய்கிறது.

ஆக்சிஜன் தீர்ந்தால் வேலை நின்றுவிடும் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். முதல் வெட்டுக்கே ஆக்சிஜன் மூலக்கூறு வேண்டுமென்று மேலே பார்த்தோமே. 1980-களில் அந்த எண்ணம் உடைந்தது. காற்றில்லாமல் மீத்தேன் உண்டாகும் சூழலில், டொலுவீனிலும் பென்சீனிலும் தண்ணீரின் ஆக்சிஜன் ஏறுவதை 1986-இல் காட்டினார்கள். பார்த்தீர்களா, தண்ணீர் என்று பழைய ஆட்கள் சொன்னது இந்த இருட்டு உலகத்தில் உண்மையாகிறது. 1989-இல், துருவிலுள்ள இரும்பைச் சுவாசித்துக்கொண்டே டொலுவீனை முழுதாக எரிக்கும் பாக்டீரியா வெளிச்சத்துக்கு வந்தது. ஜியோபாக்டர் என்று பெயர். நாம் ஆக்சிஜனுக்குக் கொடுக்கும் எலக்ட்ரான்களை அது இரும்புக்குக் கொடுக்கிறது. நைட்ரேட்டுக்குக் கொடுப்பவை உண்டு, சல்ஃபேட்டுக்குக் கொடுப்பவை உண்டு. அவையும் தீர்ந்த இடத்தில் பல இனங்கள் கூட்டாகச் சேர்ந்து மீத்தேனாக முடிப்பதும் உண்டு.

இவை வளையத்தைத் தொடும் முறையே வேறு. டொலுவீனுக்கு வளையத்தோடு ஒரு மெத்தில் வால் இருக்கிறது. காற்றில்லாத பாக்டீரியா அந்த வாலைப் பிடிக்கிறது. செல்லில் எப்போதும் கிடைக்கும் ஃபியூமரேட் என்ற சின்னப் பொருளை அதில் ஒட்டி, படிப்படியாகச் செதுக்கி, பென்சாயில் கோஎன்சைம்-ஏ என்ற வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. பல வகை அரோமாட்டிக் சேர்மங்கள் வந்து கூடும் சந்தி அது. அங்கே ஆக்சிஜனைச் சேர்க்காமல் எலக்ட்ரான்களை ஏற்றி வளையத்தை இளக்கி, அதன்பின் தண்ணீரால் திறக்கிறது. பென்சீனுக்குப் பிடிக்க வால் இல்லை. அதனால்தான் காற்றில்லாத இடத்தில் டொலுவீன் போன பிறகும் பென்சீன் பல காலம் தங்கிவிடுகிறது. நிலத்தடி நீர் அறிக்கை படிப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் பெமிட்ஜி என்ற ஊருக்குப் பக்கத்தில் 1979 ஆகஸ்டில் ஒரு குழாய் வெடித்து, சுமார் 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. முடிந்தவரை அள்ளிய பிறகும் 4 லட்சம் லிட்டர் அளவுக்கு மண்ணிலேயே தங்கிவிட்டது. 1983 முதல் அந்த இடத்தையே ஒரு திறந்தவெளி ஆய்வகமாக வைத்து அளந்துவருகிறார்கள். கரைந்த பென்சீன் நிலத்தடி நீரோடு ஓடும் வேகத்தில் பரவவில்லை. காற்றே இல்லாத அந்தப் பகுதியில், மணலில் பூசியிருந்த இரும்பை மூச்சாக வைத்து நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவந்ததுதான் முக்கியக் காரணம். ஆனால் மணலின் இரும்பும் தீர்ந்துபோகக்கூடிய சரக்குதான். எண்ணெய்க்குப் பக்கத்தில் அது தீரத் தீர, வேலை மீத்தேன் கூட்டத்தின் கைக்கு மாறுகிறது. இத்தனை பத்தாண்டுகள் ஆகியும் எண்ணெய் முழுதாகப் போய்விடவில்லை. நுண்ணுயிர்களை நான் எவ்வளவு நேசித்தாலும், அவற்றின் நாள்காட்டி நம்முடையது அல்ல என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

கேள்வி: பழைய தார் ஆலை மண்ணில் நாப்தலீன் போய்விட்டதாம், பென்சோபைரீன் மட்டும் அப்படியே இருக்கிறதாம். இரண்டும் ஒரே குடும்பம்தானே?

பதில்: குடும்பம் ஒன்று, கரையும் அளவு வேறு. இரண்டு வளையம் கொண்ட நாப்தலீன் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 30 மில்லிகிராம் கரையும். மூன்று வளையமுள்ள ஃபெனாந்த்ரீன் ஒரு மில்லிகிராம் அளவுக்கு. ஐந்து வளையமுள்ள பென்சோபைரீன் சில மைக்ரோகிராம்தான். பாக்டீரியாவுக்கு எட்டுவது தண்ணீரில் கரைந்திருப்பது மட்டுமே. மிச்சம் மட்கிலும் கரித்துகளிலும் ஒட்டிக்கொண்டு, வருடம் போகப் போக, பாக்டீரியாவின் உடலே நுழைய முடியாத நுண்துளைகளுக்குள் போய் அமர்ந்துவிடும். பழைய மாசு புதிய மாசைவிட மெதுவாகச் சிதைவதற்கு இதுவே பெரிய காரணம்.

நான்கு வளையப் பைரீனை உணவாகவே உண்ணும் மைக்கோபாக்டீரியாக்கள் உண்டு. அவற்றின் மெழுகுபோன்ற சுவர், ஒட்டிக்கிடக்கும் சேர்மத்தோடு தானும் ஒட்டிக்கொள்ள உதவுகிறது. பென்சோபைரீனில் பெரும்பாலும் நடப்பது, வேறொன்றைத் தின்று பிழைக்கும் உயிர் போகிற போக்கில் இதையும் கொஞ்சம் மாற்றிவிடுவதுதான். மரத்தை வெள்ளையாக உளுக்கச் செய்யும் பூஞ்சைகள் வேறு வழி. லிக்னினை உடைக்கத் தங்கள் என்சைம்களை உடலுக்கு வெளியே அனுப்புகின்றன, அவை எதிர்ப்பட்ட வளையத்தையெல்லாம் தாக்கும். பானெரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற பூஞ்சை இப்படிப் பிடிவாதமான பல மாசுகளை ஆக்சிஜனேற்றுவதை 1985-இல் வெளியிட்டார்கள். ஆய்வகத்தில் அழகாக நடக்கும். களத்தில், பூஞ்சைக்கு வேண்டிய மரத்தூளையும் ஈரத்தையும் தொடர்ந்து கொடுத்து, மண்ணின் பாக்டீரியாக்களோடு அது போட்டிபோட்டு நிலைக்கச் செய்வது கடும் உழைப்பு.

கேள்வி: பாதி உடைந்த துண்டுகள் விஷமாக இருக்காதா?

பதில்: இருக்கலாம். மிக நல்ல கேள்வி, பலர் கேட்க மறப்பது. பல வளையச் சேர்மங்கள் அரைகுறையாக ஆக்சிஜனேறி நின்றால், கீட்டோன்களும் குயினோன்களும் உண்டாகும். அவற்றில் சில மூலப்பொருளைவிட நன்றாகத் தண்ணீரில் கரையும், அதனால் தூரம் போகும், சிலவற்றின் நச்சும் குறைந்ததல்ல. மூலப்பொருளின் அளவை மட்டும் பார்த்துவிட்டு மண் சுத்தம் என்று எழுதித் தரும் அறிக்கைகளை நான் ஒத்துக்கொள்வதில்லை. அதே மண்ணில் மண்புழுவை விட்டுப் பார்க்கவும் வேண்டும், விதை போட்டுப் பார்க்கவும் வேண்டும்.

இதில் ஒரு நுட்பமும் இருக்கிறது. பாக்டீரியா இரண்டு ஆக்சிஜன் அணுக்களையும் ஒரே பக்கமாகப் பொருத்துகிறது என்று சொன்னேன். நம் கல்லீரல் அப்படிச் செய்வதில்லை. அது ஓர் அணுவை மட்டும் சேர்த்து, எபாக்சைடு என்ற முக்கோணத்தை உண்டாக்குகிறது. பென்சோபைரீனை வெளியேற்ற முயலும் அந்த வழியில்தான், டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொண்டு புற்றுநோய்க்கு வித்திடும் பொருள் பிறக்கிறது. ஒரே வளையம், ஒரே ஆக்சிஜன், சேர்க்கும் விதம்தான் வேறு.

கேள்வி: எங்கள் கிணற்று நீரில் சில மாதமாகப் பெட்ரோல் வாசனை. பக்கத்தில் எரிபொருள் தொட்டி இருக்கிறது. நுண்ணுயிர்கள் சுத்தம் செய்துவிடும் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபின் காத்திருக்கலாமா என்று நினைக்கிறோம்.

பதில்: காத்திருக்க வேண்டாம். இன்றே அந்தத் தண்ணீரைக் குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்திவிடுங்கள். என் பத்தி உங்களை இப்படி நினைக்க வைத்ததற்கு வருந்துகிறேன். கொதிக்க வைப்பதும் தீர்வல்ல, பென்சீன் ஆவியாகி வீட்டுக் காற்றில் கலக்கும். அந்த நீரில் வெந்நீர்க் குளியலும் வேண்டாம்.

வாசனை போய்விட்டால் நீர் சரியாகிவிட்டது என்றும் எண்ணாதீர்கள். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். தண்ணீரில் பென்சீனின் வாசனையை மனிதன் உணரத் தொடங்குவதோ லிட்டருக்கு 10 மில்லிகிராம் வாக்கில், அதாவது ஆயிரம் மடங்கு மேலே. மூக்கை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது.

கசிவு நிற்காதவரை நுண்ணுயிர்களால் எதுவும் செய்ய முடியாது. அவை தின்பதைவிட வேகமாக எண்ணெய் வந்துகொண்டிருக்கும். தொட்டியையும் குழாயையும் சோதிக்கச் சொல்லி எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டுத் துறையிடமும் கொடுங்கள். தண்ணீரில் பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் நான்கையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். கூடவே கரைந்த ஆக்சிஜன், நைட்ரேட், கரைந்த இரும்பு, சல்ஃபேட், மீத்தேன் ஆகியவற்றையும் கேட்டு வாங்குங்கள். ஆக்சிஜன் இல்லை, இரும்பும் மீத்தேனும் ஏறியிருக்கிறது என்றால், கீழே நுண்ணுயிர்கள் மூச்சுமுட்ட வேலை செய்கின்றன என்று அர்த்தம். எந்த முறையில் சுத்தம் செய்யலாம் என்று முடிவெடுப்பவருக்கு அந்த எண்கள்தான் முதலில் தேவைப்படும்.

மாதிரி எடுக்கும்போது ஆய்வகத்தார் தரும் கண்ணாடிக் குப்பியிலேயே எடுங்கள். தண்ணீரை அலம்பாமல், மெதுவாக, விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். கவிழ்த்துப் பார்த்தால் ஒரு காற்றுக்குமிழிகூடத் தெரியக் கூடாது, இருந்தால் பென்சீன் அதற்குள் போய்விடும். மூடியின் உள்பக்கம் டெஃப்லான் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள், ஏன் என்று உங்களுக்கே தெரியும். குப்பிக்குள் ஏற்கெனவே சில சொட்டு அமிலம் விட்டிருப்பார்கள். அழுக்கு என்று நினைத்துக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள். கிணற்றிலிருந்து ஆய்வகம் போய்ச் சேரும் வழியில், அந்தக் குப்பிக்குள்ளேயே பாக்டீரியாக்கள் டொலுவீனைத் தின்று தீர்த்துவிடாமல் இருக்கத்தான் அது.